வீட்டுப் பள்ளிக்கூடம் சரி, வாத்தியார் யாரு?

பொண்ணை மூணாங்கிளாஸோட நிறுத்திட்டு வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம்னு எனக்கும் ஆசைதான். திருப்பாதிரிப்புலியூர்ல இதை வாய்விட்டுச் சொன்னா, "பைத்தியமாடா உனக்கு?"ம்பாங்க. அவங்களை விடுங்க. என் கோபமெல்லாம் ஆதரவு கோஷ்டி மேலதான்.

வாயைத் திறந்தா மாளவிகா ராஜ் ஜோஷி. பன்னிரண்டாவது சர்டிபிகேட் இல்லாமலே 2016-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் சேர்ந்த மும்பைப் பொண்ணு. சந்தோஷம். ஆனா கணினி ஒலிம்பியாட்டில் மூணு மெடல் வாங்கின பொண்ணுங்க அது! அதுக்கே நம்ம ஐஐடி கதவு திறக்கலை. சென்னைக் கணிதக் கழகம்தான் எம்.எஸ்சி. பாடம் படிக்க இடம் கொடுத்துச்சு. அந்தம்மா பார்த்துட்டிருந்த வேலையை விட்டுட்டுத்தான் மகளுக்குப் பாடம் எடுத்தாங்கன்றதை மட்டும் ஒருத்தரும் அழுத்திச் சொல்றதில்லை.

தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமா 14 வயசானா பத்தாவது எழுதலாம். சர்டிபிகேட் பயம் பாதி போச்சு. பக்கத்து பெஞ்சு இல்லாம பொண்ணு யாரோட சண்டை போடுவா, யார் டப்பாவுல கைவிடுவான்ற பயம் அப்படியே இருக்கு.

அதைவிட இடிக்கிற விஷயம், "பெற்றோரே கற்பிக்கலாம்"னு எழுதுறீங்களே சாமி, எந்தப் பெற்றோர்? நான் காலையில சிதம்பரம் பஸ் ஏறிடுவேன். போகப்போறது வீட்டுக்காரம்மாவோட வேலை. அவளைக் கேட்காமலே மூணு மாசமா "நாம சொல்லிக் கொடுப்போம்"னு பேசிட்டிருந்திருக்கேன். (வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.)

போன வாரம் கேட்டா, "சரி, நீங்க வேலையை விடுறீங்களா?"

இன்னும் பதில் சொல்லலை.