ஜாப் கார்டில் ஒரு கட்டம் குறைகிறது

ஸ்போர்ட்ஸ் கார்கள் வரும் பணிமனைகளில் ஒரே மாதிரியான சில புகார்கள் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன. மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடுகிறது. நெரிசலில் கால் வைத்தாலே பாய்கிறது. ஸ்டீயரிங் இறுகிவிட்டது. மைலேஜ் விழுந்துவிட்டது. அட்வைசர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்கிறார். டெக்னீஷியன் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறார், ஃபால்ட் கோட் ஒன்றும் இல்லை. அலைன்மென்ட் பார்க்கிறார், டயர் காற்று பார்க்கிறார், புஷ்களை ஆட்டிப் பார்க்கிறார். எல்லாம் சரியாகவே இருக்கின்றன. 'எந்த மோடில் ஓட்டினீர்கள்?' என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் பாதி நாள் உழைப்பு மிஞ்சியிருக்கும். டிரைவ் மோட் என்பது டெலிவரி நாளில் காட்டி மகிழும் ஒரு விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் நம் தொழிலில் இன்னும் போகவில்லை. டெலிவரி கொடுப்பவர் ஸ்போர்ட் பிளஸ்ஸை அழுத்தி, சைலன்சரை ஒரு முறை உறும வைத்துச் சாவியைக் கொடுக்கிறார். உரிமையாளர் மனதில் அன்றே பதிந்துவிடுகிறது: ஸ்போர்ட் என்றால் முழு கார், கம்ஃபர்ட் என்றால் அரைக் கார். காசு கொடுத்து வாங்கியவர் அரைக் காரை ஓட்டுவாரா?

முதலில் இந்தக் கணக்கைத் திருத்த வேண்டும். பெரும்பாலான கார்களில் மோடை மாற்றுவதால் எஞ்சினின் உச்ச சக்தி ஒரு குதிரைத்திறன்கூடக் கூடுவதில்லை. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் எல்லா மோடிலும் கிடைப்பது அதே டார்க்தான். மாறுவது, மிதிக்கும் அளவுக்கும் கிடைக்கும் டார்க்குக்கும் உள்ள கணக்கு. ஸ்போர்ட்டில் பெடலின் முதல் கால் பங்கிலேயே நிறையக் கொடுத்துவிடுகிறது. அதனால் பிக்கப் கூடியதுபோல் கால் நம்புகிறது. பட்டு நெய்யும் ஆரணிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஜக்கார்டில் அட்டையை மாற்றினால் புடவையின் டிசைன் மாறும். பாவில் ஏறியிருக்கும் பட்டு அதேதான்.

விதிவிலக்கு உண்டு. 2005-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5, ஸ்டார்ட் செய்ததும் 400 குதிரைத்திறனில்தான் நிற்கும். மீதி நூற்றுச் சொச்சத்தைப் பட்டன் அழுத்திக் கேட்டு வாங்க வேண்டும், அப்போதுதான் 507. இன்றைய மின்சார கார்களிலும் சிக்கன மோட் சக்தியை உண்மையிலேயே குறைத்து வைக்கலாம். 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா பிஇ 6-இல் ரேஞ்ச், எவ்ரிடே, ரேஸ் என்று மோடுகள். ஆகவே எந்தக் காரில் எது மாறுகிறது என்பதை உரிமையாளர் கையேட்டைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

இனி சாலைக்கு வருவோம். ஆரணியை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். அரிசியும், புவிசார் குறியீடு பெற்ற பட்டும் இந்த ஊருக்குப் பணம் கொண்டுவருகின்றன; அந்த வீடுகளின் அடுத்த தலைமுறைக்குச் சென்னை ஷோரூம்கள் தூரமில்லை. பட்டு போகும் வழியிலேயே கார் போகிறது: ஆரணி, செய்யாறு, மாங்கால் கூட்டு ரோடு, பாலாற்றுப் பாலம், காஞ்சிபுரம், பிறகு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி ஸ்ரீபெரும்புதூர், சென்னை. ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இந்த ஒரே பயணத்துக்குள் நம் தொழிலின் பல முகங்களும் அடங்கிவிடுகின்றன. செய்யாறு பக்கம் மஹிந்திராவின் எஸ்யூவி சோதனைத் தடம் இருக்கிறது. 2021-இல் எக்ஸ்யூவி700 கார்களை 24 மணி நேரம் தொடர்ந்து ஓட்டிச் சாதனை படைத்த இடம் அது. நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகினால் ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம். சாலையோரமாகவே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம், 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். காருக்குள் இருக்கும் மோடுகளில் ஒன்றைத் தவிர மற்றவை இந்த வழியில் எங்கோ ஓரிடத்துக்குப் பொருந்தும். எங்குமே பொருந்தாதது, எல்லா அமைப்பையும் ஒரே அழுத்தில் உச்சிக்குக் கொண்டுபோகும் ஸ்போர்ட் பிளஸ். பந்தயத் தடத்துக்குள் நுழைகிறவருக்கு மட்டும் அது வேலைக்கு ஆகும்.

காலையில் பாவு நீட்டியிருக்கும் நெசவாளர் தெருவிலிருந்து தொடங்கலாம். அங்கே கார் நிற்கவும் வேண்டும், ஊரவும் வேண்டும். ஸ்போர்ட்டில் அந்தக் கூர்மையான பெடல் கணக்கு முதல் கியரில் காரைக் குதிக்க வைக்கிறது. கியர்பாக்ஸ் தேவையில்லாமல் கீழ்க் கியரைப் பிடித்துக்கொள்கிறது. சைலன்சர் வால்வு திறந்து தெருவையே எழுப்புகிறது. எஞ்சினும் கியரும் கம்ஃபர்ட்டில் இருக்க வேண்டிய இடம் இதுதான். ஸ்பீட் பிரேக்கருக்கு மோடில் விடை இல்லை. முன்பக்கத்தைத் தூக்கும் வசதி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். போர்ஷே 911-இல் அது மூக்கைச் சுமார் 40 மில்லிமீட்டர் உயர்த்துகிறது. நம் ஊர்களில் பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர்கள் எத்தனை என்று ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். அந்தப் பட்டன் எங்கே என்று டெலிவரியின்போதே கையைப் பிடித்துக் காட்டிவிடுவது நல்லது. முன் பம்பர் உடைந்து வந்த பிறகு காட்டிப் பயனில்லை.

ஊரைத் தாண்டியதும்தான் முக்கியமான பாடம். அறுவடைக் காலத்தில் ஆரணிப் பக்கத்துச் சாலைகளில் ஒரு பக்கத் தார் முழுக்க நெல் காயும், கேழ்வரகுத் தாளும் கிடக்கும். ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். இடப்பக்கச் சக்கரங்கள் வைக்கோலிலும் வலப்பக்கச் சக்கரங்கள் தாரிலும் ஓடும்போது இரண்டு பக்கத்துப் பிடிப்பும் ஒன்றாக இருப்பதில்லை. அங்கே ஓங்கி பிரேக் பிடித்தால் கார் திரும்பப் பார்க்கும். அந்த நொடியில் காப்பாற்றுவது ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல். சில கார்களில் ஸ்போர்ட் பிளஸ்ஸைத் தொட்டாலே அது தன் பிடியைத் தளர்த்திக்கொள்கிறது, தனியாக அணைக்க வேண்டியதுகூட இல்லை. பல உரிமையாளர்களுக்கு இது தெரியாது. நம் டெலிவரி ஆட்களில் பலருக்கும் தெரியாது என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்தது டேம்பர். நம் தொழிலில் உள்ளவர்களே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் இதுதான். ஸ்போர்ட் மோட் ஸ்பிரிங்கை மாற்றுவதில்லை, ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்களைத் தவிர. மின்வால்வு வழியாகவோ காந்தத் திரவம் வழியாகவோ ஷாக் அப்சார்பரின் எதிர்ப்பைத்தான் கூட்டுகிறது. வழவழப்பான தடத்தில் இதனால் நன்மை உண்டு: வளைவில் உடல் சாய்வது மெதுவாகிறது, கார் கைக்கு உடனே பதில் சொல்கிறது. ஒட்டுப்போட்ட தார்ச் சாலையில் கதை தலைகீழ். சக்கரம் ஒரு மேட்டில் ஏறி மேலே போனால், அடுத்த பள்ளத்துக்குள் உடனே இறங்கி வந்து தரையைத் தொட வேண்டும். இறுகிய டேம்பர் அதை இறங்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. அடுத்தடுத்து மேடுகள் வந்தால் சக்கரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலேயே தங்கிவிடுகிறது. தரையை விட்டு எழும்பிய டயருக்குப் பிடிப்பு ஏது? அந்த நேரத்தில் பிரேக் பிடித்தால் ஏபிஎஸ் குழம்பி, நிற்கும் தூரம் நீளும். அதாவது செய்யாறு சாலையில் இறுக்கமான சஸ்பென்ஷன் சொகுசைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, காரை மெதுவாகவும் ஆபத்தாகவும் ஆக்குகிறது. 'குலுங்கினாலும் பரவாயில்லை, பிடிப்பு வேண்டும்' என்று சொல்லும் வாடிக்கையாளருக்கு நாம் சொல்ல வேண்டிய பதில், குலுங்கினால் பிடிப்பும் போகும் என்பதுதான்.

இதைக் கார் செய்கிறவர்களே சற்றுத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். ஃபெராரி 2004-இல் எஃப்430-இன் ஸ்டீயரிங்கில் மனெட்டினோ என்ற சிறு திருகியை வைத்தது. கியர், டேம்பர், ஸ்டெபிலிட்டி எல்லாம் அந்த ஒரே திருகியில் கட்டுண்டு சேர்ந்தே மாறின. மூன்று ஆண்டு கழித்து வந்த 430 ஸ்குடேரியாவில் டேம்பருக்கு மட்டும் தனிப் பட்டன் வந்தது: ரேஸ் மோடிலேயே இருந்துகொண்டு டேம்பரை மென்மையாக்கலாம். மைக்கேல் ஷூமாக்கரின் யோசனை அது என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. ஏழு முறை உலகப் பட்டம் வென்றவர், கரடான சாலையில் வேகமாகப் போக மென்மையான டேம்பர் கேட்டார். ஸ்போர்ட்டில்தான் வீரம் என்று பேசும் வாடிக்கையாளரிடம் சொல்ல இதைவிட நல்ல தகவல் என்னிடம் இல்லை. மெக்லாரன் இன்னும் தெளிவாக, 2011-இல் வந்த எம்பி4-12சி-யில் எஞ்சினுக்கு ஒரு திருகி, சஸ்பென்ஷனுக்கும் ஸ்டெபிலிட்டிக்கும் இன்னொரு திருகி என்று பிரித்தே வைத்துவிட்டது.

பிற நிறுவனங்கள் இதே பிரிவினையை இன்டிவிஜுவல், கஸ்டம் என்ற பெயர்களில் திரைக்குள் புதைத்து வைத்திருக்கின்றன. செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ தொகுத்து விற்கும் எம்340ஐ, 374 குதிரைத்திறன் உள்ள கார், நம் பணிமனைகளுக்கு அடிக்கடி வருகிறது. அதில்கூட அந்தத் தனி அமைப்பைத் தொட்டே பார்க்காத உரிமையாளர்கள் இருக்கிறார்கள். மெனுவுக்குள் மூன்று அடுக்கு இறங்கித் தேட யாருக்குப் பொறுமை?

அந்தப் பொறுமை நம்மிடம் இருக்க வேண்டும். ஆரணி வாடிக்கையாளருக்கு என்ன வைத்துக்கொடுப்பது என்று கேட்டால், என் பதில் இது: டேம்பர் மென்மையான நிலையில், ஸ்டீயரிங் கம்ஃபர்ட்டில், ஸ்டெபிலிட்டி முழுமையாக, எஞ்சினும் கியரும் ஸ்போர்ட்டில். ஸ்டீயரிங்கில் ஸ்போர்ட் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கையில் கனம் கூடுகிறதே தவிர, தரையைப் பற்றிய செய்தி கூடுதலாக ஒன்றும் வருவதில்லை. எஞ்சினில் ஸ்போர்ட் வைப்பதற்குக் காரணம் எதிரே வண்டி வரும் சாலை: சிப்காட் தொழிற்பேட்டை லாரியைத் தாண்டும்போது, கியர் இறங்கட்டும் என்று இரண்டு நொடி காத்திருப்பது ஆபத்து. ஊருக்குள் மட்டும் கம்ஃபர்ட். அதற்குத் தனி வேலை வேண்டாம், பெரும்பாலான கார்கள் ஸ்டார்ட் செய்யும்போதே கம்ஃபர்ட்டில்தான் எழும்.

மலைக்கு வேறு கணக்கு. போளூர் வழியாக ஜவ்வாதில் ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிறவர்களும், 14 கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரிக்குப் போகிறவர்களும் ஏறும்போது எதை வைத்தாலும் பெரிய கேடில்லை. இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். சிக்கன மோடுகள் பலவற்றில், காலை எடுத்ததும் கியர்பாக்ஸ் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் காரை உருள விடும். சமவெளியில் அது பெட்ரோலை மிச்சப்படுத்தும். சரிவில் முழுப் பாரத்தையும் பிரேக்கின் தலையில் கட்டும். இறக்கத்தில் எஞ்சினையும் கியரையும் ஸ்போர்ட்டிலோ மேனுவலிலோ வைத்துக் கீழ்க் கியரைப் பிடிக்கச் சொல்லுங்கள். மலையிலிருந்து இறங்கிய மறுநாள் பிரேக் அதிர்கிறது என்று வரும் கார்களில் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

மழை பற்றியும் ஒரு வார்த்தை. போர்ஷேயின் 992 வரிசை 911-இல் வெட் என்று தனி மோட் இருக்கிறது. முன் சக்கரக் குழிகளில் உள்ள ஒலி உணரிகள், சக்கரம் வாரியடிக்கும் நீரின் சத்தத்தைக் கேட்டுச் சாலை நனைந்திருப்பதைக் கண்டுபிடிக்கின்றன. ஆனால் கார் தானாக மாறாது, எச்சரிக்க மட்டும் செய்யும். அழுத்த வேண்டியது ஓட்டுநர். ஐப்பசி கார்த்திகையில் அந்த எச்சரிக்கை விளக்கு கோளாறு என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்களை விரட்டாமல் உட்கார வைத்து விளக்குங்கள். அந்த மோட் இல்லாத கார்களில் கம்ஃபர்ட்டே மழை மோட். எந்த மோடும் தேய்ந்த டயரின் பள்ளத்தை ஆழமாக்கித் தராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

ஆகவே பணிமனை நடத்துகிறவர்களிடம் இந்த இதழின் கோரிக்கை எளியது. ஜாப் கார்டில் மோட் என்று ஒரு கட்டம் சேருங்கள். புகார் தோன்றியபோது எந்த மோட், எந்தச் சாலை, எவ்வளவு வேகம் என்று அதில் எழுதுங்கள். டெஸ்ட் டிரைவை அதே மோடில் ஒரு முறையும் கம்ஃபர்ட்டில் ஒரு முறையும் எடுங்கள். இரண்டிலும் ஒரே அதிர்வு இருந்தால் பாகத்தைக் கழற்றலாம். ஒன்றில் மட்டும் இருந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன் வாடிக்கையாளரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். இதனால் உதிரிபாக விற்பனை குறையும் என்று ஒரு நண்பர் சொன்னார். குறையட்டும். தேவையில்லாமல் மாற்றிய டேம்பர் ஜோடிக்கு வாங்கிய பணத்தை அந்த வாடிக்கையாளர் மறக்க மாட்டார். ஆரணி போன்ற ஊரில் ஒருவருக்குத் தெரிந்தால் கடைத்தெரு முழுக்கத் தெரிந்த மாதிரிதான்.

டெலிவரியில் இன்டிவிஜுவல் அமைப்பை வைத்துக்கொடுத்தால் அதை ஒரு தாளில் எழுதி வாகனக் கோப்பில் வையுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட பிறகும் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகும் அந்த அமைப்பு அழிந்துபோக வாய்ப்புண்டு. காரை வெளியே விடும் முன் தாளைப் பார்த்துத் திரும்ப வையுங்கள். கைமாறி வரும் பழைய காரில் முந்தைய உரிமையாளர் என்ன வைத்திருந்தார் என்றும் பாருங்கள். புதிதாக வாங்கியவர் சொல்லும் 'இந்தக் கார் முரட்டுக் கார்' என்ற புகாருக்கான விடை பல நேரம் அந்த மெனுவுக்குள்ளேயே இருக்கும்.