விருந்தாளிக்கு வீடா? முகூர்த்தத்துக்கு வீடா?

ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்திலே ஒரு கலியாண வீட்டுக்கு நாம் மூன்று நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். மலையாளிகள் வீடு. (மலையிலே வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயரே யொழியக் கேரளத்தார் அல்லர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லிக் கொள்ளும் கதை.) போளூர், செங்கம், திருப்பத்தூர் பக்கமிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பத்து நாளாக அவ்வீட்டுப் பெண்மக்கள் ஓயவில்லை. சுவருக்கு மண் பூசி வெள்ளையடித்தாயிற்று. தரை மெழுகியாயிற்று. சாமை குத்திப் புடைத்தாயிற்று. ஊரெல்லாம் பாயும் பாத்திரமும் இரவல் வாங்கி அடுக்கியாயிற்று. வருகிறவனுக்கு வயிறாரச் சோறும் தலைசாய்க்க இடமும் வேண்டுமென்று நினைக்கிற மனத்தை யார் குறை சொல்ல முடியும்?

நமது சண்டையெல்லாம் ஜாபிதாவின் மறுபாதியோடுதான். அது கீழ்நாட்டு ஜோசியர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. பூசணிக்காய், எலுமிச்சம்பழம், ஓமத்துக்கு நெய், தட்சணை. இவற்றுக்கெல்லாம் மேலாக முகூர்த்தம் விடியற்காலை நாலரை முதல் ஆறு. மலைக்குளிரில்! அந்த வேளைக்கு எந்த விருந்தாளி மலையேறி வருவான்? ஆகவே முதல் நாளே வந்தாக வேண்டும். வந்தால் இராச் சோறு, படுக்கை, கம்பளி, விளக்கு, வெந்நீர், காலைப் பலகாரம். ஒரு வேளைச் சோற்றோடு போகவேண்டிய செலவு மூன்று வேளையாகிறது. நூறு பேருக்குப் பாய் தேடி அலைந்தது விருந்தாளிக்காக என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். வாஸ்தவத்தில் அது ஜோசியர் வாயில் வந்த ஒன்றரை மணி நேரத்துக்காக!

கேட்டால், நட்சத்திரம் அப்படிச் சொல்கிறதாம். இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வு நிலையம் இருக்கிறது. யுரேனசுக்கு வளையம் உண்டென்று 1977இல் கண்ட இடங்களில் அதுவும் ஒன்று. 1986இல் அங்கே 2.3 மீட்டர் அகலமுள்ள கண்ணாடி வைத்த தொலைநோக்கி திறக்கப்பட்டது. இரவெல்லாம் கண்விழித்து வானத்தையே பார்க்கிற அவர்களில் ஒருவராவது, நாலரை மணி நல்லது, பத்து மணி கெட்டது என்று சொன்னதுண்டா? 1781இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனசு, பஞ்சாங்கத்தின் ஒன்பது கிரகத்தில் இன்றைக்கும் இல்லை. இருக்கிற கிரகத்தையே அறியாதவன் நம் வீட்டு நேரத்தை மட்டும் அறிவானாம்!

இன்னொன்றைச் சொல்லக் கை கூசுகிறது. கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பெண்ணின் தாயார் “தூரமானார்”. பத்து நாள் அந்தச் சுவரைப் பூசினது அந்த அம்மாள் கை. அந்தச் சாமையைக் குத்தினதும் அந்தக் கைதான். அவரை மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்தார்கள். நேற்று வந்த விருந்தாளிக்கு நடுவீடு, வீட்டைக் கட்டிக் காத்தவளுக்குக் கொட்டகை! கீழ்நாட்டிலே நாகரிகம் முற்றிவிட்டபடியால், நாளைத் தள்ளிப்போட மாத்திரை விழுங்கச் சொல்கிறார்கள். தீட்டென்னும் புரட்டை விழுங்குவதற்குப் பதில் மருந்தை விழுங்குவதா?

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? மலையிலே கூலிவேலை அரிது. ஆனால் முன்பணத்தோடு வரும் செம்மரத் தரகனுக்குப் பஞ்சமில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இம்மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் பலர். அவர்களெல்லாம் கலியாணக் கடனுக்காகப் போனார்கள் என்று நாம் சொல்லவில்லை, வறுமை பெரிது. ஆனால் தரகன் கதவைத் தட்டும்போது வீட்டிலே கடன் இருந்தால், மறுக்கும் வாய் அடைத்துப் போகிறதா இல்லையா?

புரோகிதன் இல்லாவிட்டால் செல்லாதே என்பாருண்டு. சுத்தப் பொய். இந்து விவாகச் சட்டம் பட்டியல் பழங்குடிகளைத் தொடுவதேயில்லை. அவர்களுக்கு அவர்கள் வழக்கமே சட்டம். மற்றவர்களுக்கோ, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதுமென்று 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் நிறைவேறிவிட்டது. பார்ப்பானும் வேண்டாம், பஞ்சாங்கமும் வேண்டாம்.

கலியாணம் முடிந்து விருந்தாளிகள் போன பின், வீட்டுக்காரரிடம் இவ்வளவையும் சொன்னோம். அவருக்கு இன்னொரு மகள் இருக்கிறாள். “ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு வையுங்கள், காலைப் பஸ்ஸில் வந்து மாலைப் பஸ்ஸில் போய்விடுவார்கள்” என்றோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். கொட்டகைப் பக்கமிருந்து அந்த அம்மாள்தான் குரல் கொடுத்தார்: “பதினோரு மணியென்றால் பாய் இரவல் வேண்டாமே, அய்யா?”