சும்மா இருப்பவளின் கணக்கு

ஹரியானா கிராமங்களில் எருமைக்குத் தீவனம் வெட்டிப் போடுவது, சாணம் அள்ளுவது, வறட்டி தட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். கணக்கெடுப்பாளர் வந்து, "மருமகள் என்ன வேலை செய்கிறாள்?" என்று கேட்டால், கயிற்றுக் கட்டிலில் ஹூக்காவோடு சாய்ந்திருக்கும் பெரியவர் சொல்லக்கூடிய பதில்: "குச் நஹீ கர்த்தீ." ஒன்றும் செய்வதில்லையாம். படிவத்தில் 92 என்ற எண் விழுகிறது. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் என்று பொருள். தொழிலாளர் பட்டியலில் அவருக்கு இடமில்லை.

கணக்கெடுப்பாளர் சற்றுப் பொறுமைசாலியாக இருந்து, "எருமையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று இன்னொரு கேள்வி கேட்டால், 92 போய் 21 வரும். குடும்பத் தொழிலில் ஊதியமில்லாத உதவியாளர். அந்தக் கணமே நாட்டின் பெண் உழைப்பு விகிதம் ஒரு துளி உயர்கிறது. பால் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை.

இந்த விகிதத்தை வைத்துத்தான் பொருளாதாரத்தின் நாடி பார்க்கப்படுகிறது. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18ல் 23.3 சதவீதம். 2023-24ல் 41.7 சதவீதம். ஆறே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய ஏற்றம் மகிழ்ச்சி தர வேண்டிய விஷயம். ஆனால் உள்ளே கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் பிரிவினர் இதே காலத்தில் சுமார் 52 சதவீதத்திலிருந்து 67 சதவீதத்துக்கு மேல் போய்விட்டார்கள். இந்தப் பிரிவில்தான் அந்த 21ஆம் எண்காரர்களும் அடக்கம். 2023-24ல் வேலை செய்த பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கையில் காசு வாங்காத உதவியாளர்கள். மாதச் சம்பளக்காரர்களின் பங்கோ சுமார் 21 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. தவிர, ஆண்டில் 30 நாள் துணை வேலை ஒன்றைச் செய்திருந்தாலே இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

எது வேலை என்ற விதியும் விசித்திரமானது. சொந்த வயலில் நாற்று நட்டால் வேலை. அந்த நெல்லை வீட்டுச் சாப்பாட்டுக்குக் குத்தினால் வேலை இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குக் காசு வாங்கிக்கொண்டு ரவிக்கை தைத்தால் வேலை. சொந்த மகளுக்குத் தைத்தால் 93ஆம் எண். காட்டில் விறகு பொறுக்கி வந்து சொந்த அடுப்பை எரிப்பவருக்கும் அதே 93தான்.

இது புதிய புகார் அல்ல. 1970களிலேயே பொருளாதார நிபுணர் தேவகி ஜெயின், ராஜஸ்தான், மேற்கு வங்க கிராமங்களில் பெண்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று மணிக்கணக்கில் பதிவு செய்யும் ஆய்வை நடத்தினார். 'வேலை செய்யாதவர்' என்று எழுதப்பட்டவர்கள் வயலிலும் தொழுவத்திலும் உழைப்பது அதில் வெளிப்பட்டது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலை பற்றிய கேள்வியோடு 'சொந்த வயலிலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்யும் வேலை உட்பட' என்ற விளக்கத்தைச் சேர்த்தார்கள். தாமதமாக வந்தாலும் நல்ல திருத்தம்.

சங்கடம் என்னவென்றால், விகிதம் இறங்கினாலும் ஏறினாலும் இரு தரப்புக்கும் விளக்கம் தயாராக இருக்கிறது. 2004-05க்குப் பிறகு பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்தபோதே கிராமத்துப் பெண்களின் விகிதம் சரிந்தது. பெண்கள் படிக்கப் போகிறார்கள், வசதி வந்ததால் கூலி வேலையை விடுகிறார்கள் என்றனர் சிலர். வயலில் இயந்திரம் வந்தது, வேறு வேலை கிடைக்கவில்லை என்றனர் மற்றவர்கள். 2023ல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் காட்டிய வளைவு, முதல் தரப்புக்கு வசதியாகப் போயிற்று. நாடு முன்னேறும்போது பெண் உழைப்பு முதலில் இறங்கும், பின்னர் கல்வியும் அலுவலக வேலைகளும் பெருகும்போது ஏறும் என்பது அது. இந்தியாவிலோ விகிதம் ஏறியது அலுவலகங்களால் அல்ல, பெரும்பாலும் வயலாலும் தொழுவத்தாலும். 2023-24ல் கிராமத்தில் 47.6 சதவீதம், நகரத்தில் 28 சதவீதம்.

கொரோனா ஆண்டில் விகிதம் உயர்ந்ததை எந்த வளைவில் வைப்பது? நகரத்தில் வேலை இழந்து ஊர் திரும்பியவர்களின் குடும்பங்களில் பெண்களும் வயலில் இறங்க நேர்ந்ததையும் 'பங்கேற்பு' என்றே அட்டவணை எழுதிக்கொண்டது.

2024ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் வேறொரு எண் கிடைத்தது. 6 வயதுக்கு மேற்பட்டவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். இந்த நிமிடங்களில் ஒன்றுகூட அந்த 41.7க்குள் வருவதில்லை.