துணுக்குக்கு அப்பால்

செய்தித்தாளின் மூலையிலும் கைப்பேசியிலும் நாள்தோறும் ஒரு வியப்புச் செய்தி நம்மை வந்தடைகிறது. வியந்து, பிறருக்கும் அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். 'ஏன்' என்று ஒருமுறை கேட்டுவிட்டு மறந்தால் என்ன?

பங்காருபேட்டையை எடுத்துக்கொள்வோம். மைசூர் ஆணையராயிருந்த பௌரிங்கின் பெயரால் இவ்வூர் முன்னர் பௌரிங்பேட்டை என வழங்கியது. இது வெறும் துணுக்கு. இங்கிருந்து கிளைப்பாதையில் சென்றால் வரும் கோலார் தங்கவயலின் துணுக்கோ அத்தகையதன்று. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து அங்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரம் 1905 வரை காத்திருந்தது. சுரங்கத்துக்கு ஏன் முன்னுரிமை? ஆழம் கூடக்கூட எந்திரங்களுக்கு மேலும் ஆற்றல் வேண்டியிருந்தது. தங்கம் அதற்கு விலை கொடுத்தது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டியது. 1965-இல் அதனுள், 2 கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டல நியூட்ரினோக்களை அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். மேலிருந்த பாறை பிற கதிர்களைத் தடுத்ததால் அது இயன்றது. அப்பாறையைக் குடைந்தவர் எவர்? வடாற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களே மிகுதி. அனலாய்ச் சுடும் பாறை, திடீர்ப் பாறைவெடிப்பு, நுரையீரலை அரிக்கும் தூசி ஆகியவற்றுக்கிடையே உழைத்த அவர்களைத் துணுக்குகள் குறிப்பதே இல்லை. இது நமக்கு உறுத்துகிறது.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பெங்களூருக்கு முன்பே மின்சாரம் பெற்ற ஊரின் மக்கள், இன்று விடியுமுன் ரயிலேறிப் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இதையும் ஒருநாள் துணுக்காக அச்சிடலாம்.