சாய்மனைக் கதிரையில் ஒரு சவாரி

வெள்ளவத்தையில் காலி வீதியை விட்டு, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே பாமன்கடைக்குச் செல்வோர் அங்கு எழுந்து நிற்கும் தொடர்மாடிகளைக் காண்பர். முற்றமும் விறாந்தையுமாக வாழ்ந்து பழகிய முதியோர் பலர் இன்று இம்மாடிகளிலேதான் காலங் கழிக்கின்றனர். அத்தகைய வீடொன்றுக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். கூடத்தின் மூலையில் புத்தம் புதிய உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்று நின்றது. அதன் கைபிடியிலே துவாய்கள் உலர்ந்துகொண்டிருந்தன! தாயாரின் முழங்கால் நோவைக் கேள்வியுற்ற மகன், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்குவித்தது அது.

“காலைத் தூக்கி ஏறினால்தானே, தம்பி, ஓடலாம்?” என்றார் அம்மையார்.

குறை அவரிடம் இல்லை. சைக்கிளே அவருக்கு ஏற்றதன்று. இத்தகையோருக்கென்றே ‘ரிக்கம்பென்ட்’ எனப்படும் வேறொரு வகை உண்டு. சாய்மனைக் கதிரை போன்ற அகன்ற ஆசனத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்து, முன்னே நீட்டிய கால்களால் மிதிப்பது அது. உடற்பாரம் ஆசனத்திலும் சாய்மானத்திலும் தங்குவதால் இடுப்பும் மணிக்கட்டும் நோவதில்லை.

இது சோம்பேறிகளின் வாகனம் என்று எவரும் நகைக்க வேண்டாம். 1933 இல் பாரிஸ் நகரில் பிரான்சிஸ் போர் என்பவர் இவ்வாறு சாய்ந்தமர்ந்து ஓட்டும் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்தில் 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடிச் சாதனை படைத்தார். மறு ஆண்டே சர்வதேசச் சைக்கிள் சங்கம் அவ்வகையைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது!

வாங்க எண்ணுவோர் விளம்பரப் படத்தை நம்பாது, பயன்படுத்தப் போகிறவரையே கடைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். பிறர் உதவியின்றி அவர் அமர்ந்து எழ முடிகிறதா? மிதி மிகத் தூரத்தே செல்லும்போதும் முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி ஆசனத்தை நகர்த்த இயலுமா? அது தாங்கும் நிறை எவ்வளவு? இம்மூன்றும் சரியாயின் ஏனையவற்றைப் பார்க்கலாம். காந்தத்தால் தடை ஏற்படுத்தும் வகையே தொடர்மாடிக்கு உகந்தது. சில்லில் எதுவும் உராயாததால் ஓசை குறைவு, கீழ்வீட்டாரின் உறக்கம் கெடாது. மின்சாரமின்றி இயங்குவதாயின் மிக நன்று. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை நாம் மறந்துவிடவில்லையே! கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும் இடம் நமது; ஆதலின் பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட வேண்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தோருக்கு வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்புத் தேவை. அதனை இச்சைக்கிளில் நிறைவேற்றலாம். ஆனால், விழாமல் நடக்கும் நிதானத்தை அமர்ந்தபடி பயில முடியாது. மாலை நடைக்கு இது மாற்றாகாது. இருதய நோயுள்ளோரும் முழங்காற் சத்திரசிகிச்சை பெற்றோரும் வைத்தியரைக் கேளாமல் மிதிக்கத் தொடங்கலாகாது.

சென்ற கிழமை அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். கடையில் இருந்து பார்த்தாராம். ஆசனம் நன்கு பொருந்தியதாம். ஆயினும் பணம் கொடுக்கவில்லை. தொடர்மாடியின் லிப்டுக்குள் அது நுழையுமா என்று அளந்து வரப் பேரனை நாடாவுடன் அனுப்பியிருக்கிறாராம்.