கிளிப் பண்ணது எங்கேயும் போகலை

மாக் டெஸ்ட் டாப் டென் போஸ்டர் போட்டது நான்தான். மார்க் ஷீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்க்ஸ்கேப்பில் எம்பெட் பண்ணி, மேலே ஒரு செவ்வகம் வரைஞ்சு, ரெண்டையும் செலக்ட் பண்ணி செட் கிளிப் கொடுத்தேன். பத்து பேர் மட்டும் தெரிஞ்சாங்க. "கலர் மாத்தணும்னா மாத்திக்கோங்க"ன்னு எஸ்விஜி ஃபைலை அப்படியே கிளாஸ் குரூப்பில் போட்டேன். யாரோ ரிலீஸ் கிளிப் அழுத்திட்டாங்க. மொத்த கிளாஸ் மார்க்கும் வெளியே வந்துடுச்சு. கடைசி வரியில் இருந்தவன் என் ரூம்மேட். ஒண்ணும் சொல்லலை, ஆனா ரெண்டு நாள் என்கூட மெஸ்ஸுக்கு வரலை.

கிளிப்பை 'கட்' மாதிரி சொல்லிக்கொடுக்கிறதுதான் தப்புன்னு நான் நினைக்கிறேன். அது ஜன்னல் மாதிரி. மேலே இருக்கிற வடிவத்துக்குள்ளே வர்றது மட்டும் தெரியும், மிச்சம் சுவருக்குப் பின்னாடி முழுசா இருக்கும். எஸ்விஜியை நோட்பேடில் திறந்து பாருங்க. எம்பெட் பண்ண படம் நீளமான எழுத்துக் குவியலா மொத்தமும் அங்கேயே கிடக்கும். மாஸ்க்கும் இதே கதைதான். கிளிப்புக்கு வடிவம் மட்டும்தான் முக்கியம், விளிம்பு கத்தி வச்ச மாதிரி நிக்கும். மாஸ்க் நிறத்தைப் பார்க்கும்: வெள்ளை இருக்கிற இடம் தெரியும், கறுப்பு இருக்கிற இடம் மறையும், சாம்பல் பாதி தெரியும். போட்டோ மெல்ல மங்கி மறையணும்னா கிரேடியன்ட் போட்ட மாஸ்க்தான் வேணும். (இல்லஸ்ட்ரேட்டரில் கிளிப்புக்கே 'கிளிப்பிங் மாஸ்க்'னு பேரு. பேர் வச்சவர் கையில் கிடைச்சா கேட்கணும்.)

அதுக்காக கிளிப்பே வேண்டாம்னு சொல்லலை. ராத்திரி ரெண்டு மணிக்கு "முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்து"ன்னு செக்ரட்டரி கேட்கும்போது, மூலப்படம் அழியாம இருக்கிறதுதான் நம்மைக் காப்பாத்தும். அதே குணம் ஃபைல் கைமாறும்போது ஆபத்து, அவ்வளவுதான். "வெள்ளைப் பெட்டியை மேலே வச்சு மறைச்சிடுவேன்"னு சொல்றவங்களுக்கு: அதை நகர்த்த ஒரு இழுப்பு போதும்.

பிஎன்ஜியா அனுப்பினா போதாதான்னு கேட்பீங்க. குரூப்புக்குப் போதும், தெரியிற பிக்சல் மட்டும்தான் போகும். ஆனா பிளக்ஸ் கடையில் பிடிஎஃப் கேட்பாங்க, இல்லேன்னா கோரல்டிரா ஃபைல். பிடிஎஃபுக்குள்ளேயும் முழுப்படம் கிளிப்போட ஒளிஞ்சிருக்கலாம். கோரலில் பவர்கிளிப்பும் அப்படியே, எக்ஸ்ட்ராக்ட் பண்ணா உள்ளே இருக்கிறது முழுசா வெளியே வந்துடும்.

அதனால ஐடி கார்டு, மார்க், போன் நம்பர் மாதிரி எதுவா இருந்தாலும் கொண்டுவர்றதுக்கு முன்னாடியே கிம்ப்பில் நிஜமா கிராப் பண்ணிடுங்க. ஏற்கனவே கிளிப் போட்டாச்சுன்னா, இங்க்ஸ்கேப்பில் அதைச் செலக்ட் பண்ணி ஆல்ட்+பி அழுத்துங்க. தெரியிற பகுதி மட்டும் புதுப் படமா வரும். பழசை டெலீட் பண்ணி, வேற பேரில் சேவ் பண்ணி, அந்த ஃபைலை அனுப்புங்க. மூலத்தை உங்க லேப்டாப்பிலேயே வச்சுக்கோங்க, செக்ரட்டரி எப்படியும் மறுபடி கூப்பிடுவார்.