யார் கிறிஸ்தவர்?

கிறிஸ்தவர் என்பது ஒருவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரன்று. ஊரார் பார்த்து இட்ட பெயர். இயேசுநாதரின் சீடர்கள் அந்தியோகியா நகரிலேதான் முதன்முதல் அப்பெயரால் வழங்கப்பெற்றனர் என்று அவர்களுடைய வேதநூலே கூறுகின்றது. அந்நகரில் யூதரும் கிரேக்கரும் ஒரே சபையிற் கூடினர். ஒரே பந்தியில் உண்டனர். யூதர் என்றழைத்தால் கிரேக்கருக்குப் பொருந்தாது. கிரேக்கர் என்றழைத்தால் யூதருக்குப் பொருந்தாது. பிறப்பாற் பிரிந்து கிடந்தவர்கள் ஒன்றாய் அமர்ந்த புதுமைக்கு ஒரு புதுப்பெயர் வேண்டியிருந்தது என்று கொள்வதே அறிவுக்கு ஒத்ததாகும்.

அந்நகரிலேயே அப்பந்திக்குச் சோதனையும் வந்தது. எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன், அவர்களுக்கு அஞ்சிப் பேதுரு பிற இனத்தாரோடு உண்பதை விட்டு விலகினார். பவுல் வாளாவிருந்தாரில்லை, தலைமைச் சீடராயிற்றே என்றும் பாராது முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு அவர் எழுதிய நிருபத்தில் இதனைக் காணலாம். பெயர் பிறந்த ஊரும் பந்திச் சண்டை நடந்த ஊரும் ஒன்றே. ஆதலின் நாம் கூறுவது இதுதான்: பந்தியைப் பிரிப்பவர், ஞானஸ்நானம் பெற்றவராயினும், அப்பெயருக்கு உரியவரல்லர்.

இனி நம் தமிழகத்து நடப்பைப் பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்றோர் ஊர் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்த நீலகண்டப் பிள்ளை 1745ஆம் ஆண்டில் அவ்வூரிலேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மக்கள் யாவரும் சமம் என்றார், மேற்குலத்தார் பகைத்தனர். சிறைப்பட்டு வதையுண்டு, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய தியாகி ஞானஸ்நானம் பெற்ற ஊரில், அவர் மாண்டு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் 1872இல் எழுந்து நின்ற கோயில் எத்தகையது? பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப்போல் விரிந்து செல்லும் மண்டபங்கள் இரண்டு. வேளாளர் ஒன்றில், நாடார் முதலிய ஏனையோர் மற்றொன்றில். ஆண்டவர் ஒருவரே, ஆனால் அவருடைய அடியார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிடலாகாது! 1910இல் காசனெல் அடிகளார் இடைச்சுவரை இடித்தார். வேளாளக் கிறிஸ்தவர் சிலர் என் செய்தனர்? மனம் மாறினரா? இல்லை, பிரிவினையைத் தம் பாத்தியதை என்று கூறி வழக்காடினர். 1916இல் சென்னை உயர் நீதிமன்றமும் அப்பாத்தியதையை மறுத்தது. வேதம் சொல்லியும் குருமார் சொல்லியும் கேளாதவர்களுக்கு நீதிபதிகள் சொல்ல வேண்டியதாயிற்று.

தேவசகாயத்துக்கு 2022இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் அளித்தார்கள். அதற்கு முன், எழுந்த வேண்டுகோளை ஏற்று, அவர் பெயரோடு ஒட்டிக்கிடந்த ‘பிள்ளை’ என்னும் ஜாதிப்பட்டத்தை நீக்கினார்கள். நன்று. மாண்டவர் பெயரிலிருந்து ஜாதியை உதிர்க்க இருநூற்றெழுபது ஆண்டுகள் பிடித்தனவெனின், உயிரோடிருப்போர் பெயரிலிருந்து உதிர எத்தனை நூற்றாண்டு வேண்டுமோ!

‘ஜாதி சமூக வழக்கம், அதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை’ என்பர் சிலர். இவ்வாதம் புதிதன்று. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் குல வழக்கமேயன்றி மத வழக்கமல்ல என்று வாதித்தார். 1623இல் போப்பரசரும் அதற்கு இசைந்தார். மேற்குலத்தார் நுழையக் கதவு திறந்த அச்சமாதானமே, அவர்கள் நுழைந்தபின் சுவர் எழுப்பவும் உதவிற்று. சமூக வழக்கமேயாயின் அது கோயில் வாசலோடு நின்றிருக்க வேண்டாவோ? பீடத்தருகே வந்ததேன்? கல்லறை வரை தொடர்ந்ததேன்? திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து எழுந்த சுவர் எத்தனை போராட்டங்களுக்குக் காரணமாயிற்று! பிணத்துக்கு ஏதையா சமூக வழக்கம்?

இதனைக் கேட்டுப் பிராட்டஸ்டண்டுச் சகோதரர் மகிழ வேண்டா. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் ஜாதியை அடியோடு விட்டொழிக்கக் கட்டளையிட்டபோது, ஜாதியை விடுவதினும் சபையை விடுவதே மேல் என்று தஞ்சையிற் பலர் பிரிந்து போயினர். பழங்கதை என்று தள்ளவும் வேண்டா. 2008 மார்ச் மாதத்தில், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கரிடையே மூண்ட ஜாதிப்பூசல் கலவரமாகி, போலீஸார் சுட்டதில் இருவர் மாண்டனர். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, தீண்டாமை சபைக்குள் உண்டென்று வெளிப்படையாய் ஒத்துக்கொண்டது.

‘இவையெல்லாம் ஊர்க்கதை, கடல் கடந்து வந்த நமக்கென்ன?’ என்று கெமாஸிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் உள்ள அன்பர்கள் கேட்கக்கூடும். கப்பலேறியபோது ஜாதியைக் கடலில் எறிந்துவிட்டா வந்தோம்? கங்காணிமார் ஆள் சேர்த்த காலத்தில் ஜாதி பார்த்து லயம் ஒதுக்கிய தோட்டங்கள் உண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் கலைந்தன, மக்கள் டவுனுக்குக் குடிபோயினர். இன்று கோயிலில் ஒரே பெஞ்சில் அமர்கின்றோம், மெய்தான். ஆனால் பெண் கொடுக்கும்போது? ‘கிறிஸ்தவக் குடும்பமா?’ என்ற முதற்கேள்விக்குப் பின், ‘அவர்கள் என்ன ஆட்கள்?’ என்ற இரண்டாங் கேள்வி தாழ்ந்த குரலில் வருகின்றதா, இல்லையா? வடக்கன்குளத்துச் சுவர் கல்லாலானது, இடிக்க முடிந்தது. இச்சுவர் நாவில் நிற்கின்றது.

கெமாஸ் இருப்புப்பாதையின் வரலாறே நமக்குப் போதும். இங்கிருந்து பிரிந்து கிழக்குக்கரைக்குச் செல்லும் பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோயினர். தண்டவாளங்களைப் போலவே நம் தோட்டத் தமிழரையும் அள்ளிச் சென்றனர். காலராவாலும் பசியாலும் அங்கே மடிந்தோர் பல்லாயிரவர். அவர்களைப் போட்டு மூடிய குழிகளில், மேற்குலத்தாருக்கு ஒரு பக்கம், ஆதிதிராவிடருக்கு ஒரு பக்கம் என்று பிரித்தவர் உண்டோ? காலரா கற்பித்த சமத்துவத்தை ஞானஸ்நானம் கற்பிக்கவில்லையென்றால், அது வெறும் தலைமுழுக்கேயன்றி வேறென்ன?

‘இந்துக்களிடமும் இது உண்டே, எங்களை மட்டும் கேட்பானேன்?’ என்பர். உண்டு, அங்கும் இழிவு இழிவே. ஆனால் நீங்கள் ஓரப்பத்தைப் பிட்டு உண்டு, யாவரும் ஓருடல் என்று உலகறிய உறுதி கூறுகின்றீர்கள். நோட்டு எழுதிக் கொடுத்தவரிடந்தானே கடனைக் கேட்க முடியும்?

பள்ளிக்கூடப் பாரத்தில் மதம் என்ற இடத்தில் என்ன எழுதுகின்றீர்கள் என்பது எமக்கு வேண்டா. பெற்றோர்களே, வீட்டில் அடுத்த சம்பந்தம் பேசும்போது அந்த இரண்டாங் கேள்வியைக் கேளாதிருங்கள். குருமார்களே, போதகர்களே, கல்யாண ஓலை வாசிக்கும் முன் அக்கேள்வியால் முறிந்த சம்பந்தங்கள் எத்தனை என்று பிரசங்க மேடையில் நின்று கேளுங்கள். அன்று பக்கத்து வீட்டு இந்துவும் முஸ்லிமும் சீனரும் தாமாகவே உங்களைக் கிறிஸ்தவர் என்பர். அந்தியோகியாவில் நடந்தது கெமாஸிலும் நடக்கும். அதுவரை நீங்கள் தாங்கி நிற்பது இரவற் பெயரே.